எபிரெய ஊர்ப் பெயர்கள்: என் நோட்டு யோசுவா 15 வரை வந்த கதை

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்த ஊர்ப் பெயர் நோட்டு இப்போது யோசுவா புத்தகத்தின் 15-ம் அதிகாரத்தில் நிற்கிறது. யூதா கோத்திரத்துக்குக் கிடைத்த ஊர்களை வரிசையாக அடுக்கும் அதிகாரம் அது. வேதம் வாசிக்கிறவர்கள் பலர் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள், ஆனால் இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு அதைவிடச் சுவையான அதிகாரம் இல்லை என்றே சொல்வேன்.

செய்யும் முறை இதுதான். தமிழ் வேதாகமத்தில் ஓர் ஊர்ப் பெயர் வந்தால் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியில் அதன் எபிரெய எழுத்துகளைப் பார்க்கிறேன். வேர்ச்சொல் ஒரு கட்டத்தில், பெயருக்கு வசனமே காரணம் சொன்னால் அது இன்னொரு கட்டத்தில், அந்த இடத்துக்கு இன்று வழங்கும் பெயர் கடைசிக் கட்டத்தில். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் 22 எபிரெய எழுத்துகளையும் படித்துவிடுங்கள். தமிழில் எழுதும்போது தொண்டையிலிருந்து வரும் ஹேத், ஆயின் என்ற இரண்டு எழுத்துகளும் காணாமல் போய்விடும். எபிரோன் ஹேத்தில் தொடங்குகிறது, ஆயி ஆயினில் தொடங்குகிறது, தமிழில் பார்த்தால் இரண்டும் வெறும் உயிரெழுத்துதான். அந்த எழுத்து தெரியாமல் வேரைத் தேடினால் அகராதியில் வேறு பக்கத்துக்குப் போய்ச் சேர்வோம்.

முதலில் கைகொடுத்தவை முன்னொட்டுகள். பெத் என்றால் வீடு, கீரியாத் என்றால் பட்டணம், பெயெர் என்றால் கிணறு. நம் ஊர் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் இருக்கும் பெத்தேல் 'தேவனுடைய வீடு', பெத்லகேம் 'அப்பத்தின் வீடு'. அதே பெத்லகேமை அரபியில் பேத் லஹம் என்கிறார்கள், அங்கே லஹம் என்றால் இறைச்சி. ஒரே வேர், ரொட்டி பிரதானமான மொழியில் ரொட்டியாகவும் இறைச்சி பிரதானமான மொழியில் இறைச்சியாகவும் ஆகியிருக்கிறது.

எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்தது 'என்'. என்கேதி, என்ரொகேல், எந்தோர் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது ஊற்று என்ற சொல், எபிரெயத்தில் கண்ணுக்கும் அதே சொல்தான். ஊற்றுக்கண் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை! என்கேதி என்றால் ஆட்டுக்குட்டியின் ஊற்று. தாவீதைத் தேடி சவுல் அங்கே வரையாடுகள் திரியும் பாறைகளுக்குப் போனதாக 1 சாமுவேல் 24 சொல்கிறது, சவக்கடலின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த இடத்தில் இன்றும் ஊற்று ஓடுகிறது, காட்டாடுகளும் திரிகின்றன.

அப்புறம் பெயெர்செபா. ஆதியாகமம் 21-ல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறான், பிறகு அபிமெலேக்கும் அவனும் ஆணையிட்டுக்கொள்கிறார்கள். எபிரெயத்தில் ஏழு என்பதும் ஆணை என்பதும் ஒரே மெய்யெழுத்துகளில் அமைந்தவை, ஆகவே அது ஏழின் கிணறா ஆணையின் கிணறா என்று கேட்டால் கதை இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. தமிழில் வாசிக்கும்போது ஆட்டுக்குட்டிகள் எதற்கு வந்தன என்றே புரியாமல் போகலாம்.

வசனம் சொல்லும் காரணமும் வேர்ச்சொல்லும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. பாபேலுக்கு, அதாவது பாபிலோனுக்கு, ஆதியாகமம் 11 'பாலால்', அதாவது கலக்குதல், என்ற சொல்லோடு உறவு சொல்கிறது. பாபிலோனியர் தங்கள் அக்காடிய மொழியில் அந்தப் பெயரைத் 'தெய்வத்தின் வாசல்' என்றே புரிந்துகொண்டார்கள். இதைப் பார்த்து வேதம் தப்பு என்று குதிப்பதும் சரியில்லை, அகராதியை ஒதுக்குவதும் சரியில்லை. ஓர் ஊரின் பெயரைக் காதால் கேட்டு, அதில் தங்கள் அனுபவத்தை வைத்துப் பேசியவர்கள் வேதத்தை எழுதியவர்கள். அதனால்தான் எனக்கு இரண்டு கட்டங்கள் வேண்டியிருக்கின்றன.

கடைசிக் கட்டத்தை நிரப்ப உதவியது அரபி. 1838-ல் அமெரிக்க வேத ஆராய்ச்சியாளர் எட்வர்ட் ராபின்சனும் அரபி நன்றாகத் தெரிந்த எலி ஸ்மித்தும் அந்தத் தேசத்தில் பயணம் செய்து, கிராமத்து மக்கள் வாயில் இருந்த பெயர்களைக் கேட்டுக் கேட்டே பல பழைய ஊர்களை அடையாளம் சொன்னார்கள். பெத்தேலுக்குப் பேதின் கிராமம் அப்படிக் கிடைத்ததுதான். ஏசாயா 10-ல் எருசலேமை நோக்கி ஒரு படை இறங்கிவரும் வழி வருகிறது இல்லையா, அதில் உள்ள மிக்மாஸ், கேபா, ராமா, ஆனதோத் நான்கையும் வரைபடத்தில் தேடினேன்: முக்மாஸ், ஜபா, அர்-ராம், அனாத்தா. நான்கும் எருசலேமுக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன! பெயர் தங்கிய கிராமமும் பழைய ஊர் புதைந்து கிடக்கும் மேடும் சில சமயம் கொஞ்சம் தள்ளியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிபியோன் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. எல்-ஜிப் கிராமத்தில் 1956-ல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் தொடங்கிய அகழாய்வில் கிபியோன் என்று எபிரெயத்தில் கீறிய ஜாடிக் கைப்பிடிகளே கிடைத்தன.

சரி, யோசுவா 15-க்கு வருவோம். அங்கே வெறும் பட்டியலாக நிற்கும் லாகீஸ், அக்சீப், மரேஷா மூன்றும் தீர்க்கதரிசி மீகாவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தில் புலம்பலாகத் திரும்பி வருகின்றன. லாகீசின் ஒலியில் ரேகேஷ், அதாவது குதிரை. அக்சீபில் அக்சாப், ஏமாற்றம். மரேஷாவில் யோரேஷ், உடைமையாக்கிக்கொள்கிறவன். இவை மீகாவின் சொந்த ஊரைச் சுற்றியுள்ள இடங்கள், தனக்குத் தெரிந்த ஒவ்வோர் ஊரின் பெயரிலும் அதற்கு வரப்போகும் அழிவைக் கேட்கிறான் அந்த மனிதன். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் லாகீசைப் பிடித்தான், அந்த முற்றுகையைக் கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீகாவை வாசித்தபோது சொல் விளையாட்டு என்று சொல்லவே மனம் வரவில்லை.

மீகா 1-ல் மற்ற ஊர்களுக்கு இன்னும் கட்டம் நிரப்பவில்லை. அதை முடித்துவிட்டு யோசுவா 19-ல் செபுலோன், நப்தலி பக்கம் போகப்போகிறேன்.