எது நரம்பு, எது குழாய்: செம்மறித் தலையோட மூணு ஞாயிறு

மொதல்லயே சொல்லிடுறேன், நான் கால்நடை டாக்டர் இல்ல, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறவன், ஞாயித்துக்கிழமை ஆனா எதையாவது அறுத்துப் பாத்து நோட்டுல படம் வரையிற பைத்தியம் உண்டு, மீன் செவுள், கோழிக்கால், ஆட்டு இதயம்னு போயி இப்ப தலைல வந்து நிக்குது. இந்த தடவை டார்கெட் ரெண்டே ரெண்டு, எச்சில் சுரப்பிகளும் அதுல இருந்து வாய்க்கு வர்ற குழாய்களும், அப்புறம் நாக்குக்குப் போற நரம்புகள். ஒரே ஞாயித்துல முடிச்சிரலாம்னு நெனச்சேன், மூணு தலை ஆச்சு.

மொதல் தலை அறுக்கவே இல்ல. கறிக்கடைல போயி "பாய், ஒரு செம்மறித் தலை"ன்னு கேட்டேன், அவரு வழக்கம் போல நல்லா நெருப்புல வாட்டி, முடி கருக்கி, நடுவுல ரெண்டா ஒடச்சு கவர்ல போட்டுக் குடுத்துட்டாரு. தப்பு என்னோடது, சொல்லிருக்கணும். காதுக்குக் கீழ தோல் ரொம்ப மெல்லிசு, அதுக்கு அடியிலயே தான் பரோட்டிட்ங்கிற எச்சில் சுரப்பி இருக்கு, வாட்டின சூட்டுல அது பாதி வெந்து போச்சு. அம்மாவுக்கு சந்தோஷம், தலைக்கறிக் குழம்பு ஆச்சு.

இந்த பரோட்டிட்டை ஸ்கூல் புக்ல மேலண்ணச் சுரப்பின்னு போட்டிருப்பான், அத நம்பி மேலண்ணத்துல தேடுனா கெடைக்காது, காதுக்குக் கீழ, தாடை எலும்பு மடங்குற எடத்துக்குப் பின்னாடி தான் இருக்கு. பொன்னுக்கு வீங்கி வந்தா எந்த எடம் வீங்கி, செயினைப் போட்டு விடுவாங்களோ அதே எடம். பேரு வச்சவங்க அதையே வச்சிருந்தா குழப்பமே இல்ல.

அடுத்த வாரம் முன்கூட்டியே சொல்லி வச்சேன், வாட்டக்கூடாது, ஒடைக்கக்கூடாது, முடியோட அப்படியே வேணும்னு. பாய் ஒரு மாதிரி பாத்துட்டு "என்ன தம்பி, பரிகாரமா?"ன்னாரு. வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்க அனுமதி கெடையாது, அதனால மீன் மார்க்கெட்ல இருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி, ஐஸ். மெடிக்கல் ஷாப்ல மூணாம் நம்பர் கைப்பிடியும் பதினஞ்சாம் நம்பர் பிளேடும், வாட்ச் ரிப்பேர் பண்றவங்க வச்சிருக்குற மாதிரி கூர் ட்வீசர், ரெண்டு ஜோடி கிளவுஸ். மொட்டை மாடில பழைய பிளைவுட் பலகை. காக்கா தொல்லை தான் பெரிய தொல்லை.

தோலை உரிச்சதும் காதை இழுக்குற ஒரு மெல்லிசு தசை வரும், அதை எடுத்தா சுரப்பி. நான் என்ன பண்ணேன்னா மொதல்ல கண்ணுக்குப் பட்ட உருண்டையை சுரப்பின்னு முடிவு பண்ணி அரை மணி நேரம் அழகா சுத்தம் பண்ணி, படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு, அப்புறம் ரெண்டா வெட்டுனா உள்ள அவிச்ச மொச்சை மாதிரி வழவழன்னு ஒரே சீரா இருக்கு. அது நெறி. நமக்கு கழுத்துல நெறி கட்டியிருக்குன்னு சொல்றோம்ல, அதே நிணநீர் முடிச்சு தான், தாடை மூட்டுகிட்ட பரோட்டிட்டோட முன் ஓரத்துல பதுங்கி இருக்கும். நெசமான சுரப்பி அப்படி இருக்காது, வேக வச்ச ஜவ்வரிசியை அப்பி விட்ட மாதிரி பொடிப் பொடி மணியா இருக்கும், வெட்டுனாலும் அதே தான்.

சரி, சுரப்பி கெடைச்சாச்சு, குழாய் எங்க? மாட்டுல இந்த குழாய் தாடை எலும்போட கீழ் ஓரமா சுத்திகிட்டு போயி மெல்லுற தசைக்கு முன்னாடி மேல ஏறும், குதிரைக்கும் அப்படித்தான், செம்மறிக்கு அப்படி இல்ல, மசெட்டர்ங்கிற அந்த மெல்லுற தசை மேலயே குறுக்க நேரா போகும். அதனால ஈஸின்னு நெனச்சேன். பாத்தா தசை மேல வெள்ளையா மூணு கயிறு ஓடுது. நடுவுல இருந்தத கட் பண்ணேன். வெட்டுன முனை ரெண்டு நிமிஷத்துல கரண்ட் வயர் பிரிஞ்ச மாதிரி இழை இழையா விலகுச்சு, முக நரம்போட கிளை, ஒதடு மூக்கெல்லாம் அசைக்கிறது. குழாயை நான் அதுக்கு முன்னாடியே ஜவ்வோட சேத்து கிழிச்சு எறிஞ்சிருக்கேன், அது காக்காவுக்குப் போயிருச்சு. இன்னொரு பக்கமும் கிட்டத்தட்ட இதே கதி.

இங்க ஒரு பொலம்பல். நம்ம பேச்சுல எல்லாமே நரம்பு தான். ஊசி போட நர்ஸுக்கு நரம்பு கெடைக்கலன்னா அது ரத்தக்குழாய், கால் நரம்பு இழுத்துகிச்சுன்னா அது தசை, தூண்டில்ல கட்டுற நைலானும் நரம்பு. இத்தனை வருஷம் இப்படியே பேசுன வாய், பலகைல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சா கை தானா நரம்புன்னு தூக்குது, இல்லன்னா குழாய்னு வெட்டுது. கண்ணால பிரிக்க முடியல, விரலால தான் பிரியுது. நரம்பை விரலுக்கும் தசைக்கும் நடுவுல உருட்டுனா நூல் மாதிரி உருளும், குழாய் தட்டையா நசுங்கும்.

மூணாவது தலைக்கு முன்னாடி பழைய கதை ஒண்ணு படிச்சேன், அது தான் வழி காட்டுச்சு. 1660ல ஆம்ஸ்டர்டாம்ல நீல்ஸ் ஸ்டென்சன்னு ஒரு டென்மார்க் பையன், 22 வயசு, படிக்க வந்த எடத்துல பிளாசியஸ்ங்கிற வாத்தியார் வீட்டுல தங்கியிருக்கான், மூளையைப் பாக்கலாம்னு ஒரு ஆட்டுத் தலையை வாங்கிட்டு வந்து ரூம்ல தனியா அறுக்கும்போது ஒரு குழாய் தட்டுப்பட்டு, உள்ள கம்பியை விட்டா கம்பி போயி பல்லுல 'டிக்'னு இடிச்சுதாம். அது தான் பரோட்டிட் குழாய், இன்னைக்கும் அவன் பேர்ல தான் இருக்கு. அப்புறம் அந்த வாத்தியாரே நான் தான் கண்டுபிடிச்சேன்னு சண்டைக்கு வந்தது தனிக்கதை. அதுலயும் செம்மறித் தலை! இன்னொரு எச்சில் சுரப்பியான கீழ்த்தாடைச் சுரப்பியோட குழாயை அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1656ல, இங்கிலாந்துல வார்ட்டன்ங்கிற டாக்டர் எழுதிட்டாரு.

அதனால இந்த தடவை தலைகீழா போனேன், வாய்க்குள்ள இருந்து. இது சொல்ற அளவுக்கு சுலபம் இல்ல, ஏன்னா ஆடு மாடு கன்னத்து உள்பக்கம் முழுக்க முள்ளு முள்ளா சதைக் கூம்பு, எல்லாம் தொண்டை பக்கம் பாத்து சாஞ்சு நிக்கும், அந்தக் காட்டுல குழாய் வாய் இருக்குற மொட்டு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க. டிஷ்யூ வச்சு கன்னத்தை நல்லா ஒத்தி எடுத்து காய வச்சேன், இடது கையால வெளிய காதுக்குக் கீழ இருந்து முன்பக்கமா தள்ளித் தள்ளி அழுத்துனேன். ஒண்ணும் இல்ல. நாலாவது தள்ளுல மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிர்ல ஒரு கூம்பு நுனில தண்ணி மாதிரி ஒரு சொட்டு தெரண்டு நின்னுச்சு பாருங்க, மாடில தனியா சத்தம் போட்டுட்டேன், பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவங்க எட்டிப் பாத்துட்டு கீழ எறங்கிட்டாங்க.

அந்த ஓட்டைல மெல்லிசு தூண்டில் நரம்பை, நுனியை நெருப்புல காட்டி மழுங்க வச்சு, உள்ள விட்டேன். தூண்டில் நரம்பை வச்சு நெச நரம்பைப் பிரிச்ச ஆள் நான்! நைலான் உள்ள இருந்தா போதும், வெளிய தசை மேல தடவுனா கம்பி மாதிரி வெறைப்பா தெரியும், அதைச் சுத்தி மட்டும் நிதானமா பிரிச்சுகிட்டே சுரப்பி வரைக்கும் போயிட்டேன். அப்புறம் ஸ்டென்சன் பண்ணது மாதிரியே சுரப்பி பக்கம் குழாய்ல ஒரு சின்ன கீறல் போட்டு, நைலானை உருவிட்டு, மெல்லிசு கம்பியை வாய்ப் பக்கமா தள்ளுனேன். 'டிக்'. நெசமாவே பல்லுல இடிக்கிற சத்தம்.

இத்தனூண்டு குழாய் தான், ஆனா செம்மறி ஒரு நாளைக்கு 6 லிட்டர்ல இருந்து 16 லிட்டர் வரைக்கும் எச்சில் சுரக்கும், மாடுன்னா 100 லிட்டருக்கு மேல, நமக்கு ஒண்ணு ஒண்ணரை லிட்டர். இரைப்பைல புல்லு புளிக்கும்போது வர்ற அமிலத்தை அடக்கணும்ல, அதனால அதோட எச்சில்ல சோடா உப்பு கணக்கா பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நெறைய. மாவை சக்கரையாக்குற அமைலேஸ் நம்ம எச்சில்ல உண்டு, அதுங்களுக்கு கெடையாது.

நாக்குக்கு தாடையை எடுக்கணும். ரம்பம் தேவைப்படும்னு பயந்தேன், தேவைப்படல, முன்பல்லு நடுவுல கத்தியை வச்சு அழுத்துனா கீழ்த்தாடை ரெண்டா விலகுது, அசைபோடுற இனத்துக்கு அந்த எடம் நம்ம மாதிரி கெட்டியா ஒட்டுறதில்ல. ஒரு பாதியை வெளிப்பக்கமா மடக்கும்போது பட்டுன்னு ஒரு வெள்ளைக் கயிறு அறுந்துச்சு, உசுரே போச்சு எனக்கு, நாக்கு நரம்பு தான்னு. இல்ல, அது தாடை எலும்போட உள்பக்க ஓட்டைக்குள்ள நுழைஞ்சு கீழ்ப் பல்லுக்கெல்லாம் போறது. லிங்குவல் நரம்பு அதுக்குப் பக்கத்துலயே கெளம்பி எலும்புக்குள்ள போகாம நாக்கோட பக்கவாட்டுல எறங்குது, தட்டையா, வேக வச்ச சேமியா தடிமன். நாக்கோட முன்பக்க மூணுல ரெண்டு பங்குக்குத் தொடு உணர்ச்சி, சூடு, வலி எல்லாம் இது தான். கீழ்த்தாடைச் சுரப்பியோட குழாய் இதைத் தாண்டி நாக்கு அடிக்கு முன்னாடி ஓடுது. இன்னும் கீழ ஹைப்போகிளாசல், நாக்கை அசைக்கிற நரம்பு, தசைக்குள்ள போயி விசிறியா பிரியுது. பின்பக்க மூணுல ஒரு பங்குக்கு ருசியும் உணர்ச்சியும் குளோசோஃபாரிஞ்சியல்ங்கிற நரம்பு, அது தொண்டை ஓரமா வருது, அதை அடில மட்டும் பாத்தேன், முழுசா தொடரல.

நாக்கு மேல நீல இங்க் தடவி கழுவுனா பின்பக்கம் மேட்டுல அகழி வெட்டுன மாதிரி வட்ட மொட்டுக்கள் எடுப்பா தெரியும். வலது பக்கம் 21, இடது பக்கம் 19, மறுபடி எண்ணுனா 20. செம்மறிக்கு பக்கத்துக்கு 18ல இருந்து 24 இருக்கும், அதனால கண்ணு மோசமில்ல.

கெடைக்காதது கார்டா டிம்பனைங்கிற நரம்பு. முன் நாக்கோட ருசி இதுல தான் போகுது, கீழ்ச் சுரப்பிகளுக்கு 'எச்சில் விடு'ன்னு உத்தரவும் இதுல தான் வருது, நடுக்காதுக்குள்ள இருந்து வெளிய வந்து லிங்குவல் கூட சாய்வா வந்து ஒட்டிக்கும், தையல் நூல் தடிமன் தான். ஒட்டுற எடத்துல கால் சென்டிமீட்டர் முனை மட்டும் தொங்குது, மீதியை தாடையை மடக்கும்போதே இழுத்து அறுத்திருக்கேன். அடுத்த தலைல தாடையை மடக்கவே போறதில்ல, மூட்டுக்குக் கீழயே எலும்பை நறுக்கி எடுக்கணும், அதுக்கு ஒரு சின்ன எக்ஸா பிளேடு வாங்கி வச்சிருக்கேன். பாய்கிட்ட சொல்லியாச்சு. "பரிகாரம் இன்னும் முடியலையா தம்பி"ன்னு கேட்டாரு.