வீணாய்ப் போன 18 வினாடிகள்: என் முதல் ஸ்டாப் மோஷன்

போன வாரம்தான் படத்தை ஒப்படைத்தேன். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாக எடுத்து வரிசையாக ஓட்டும் ஸ்டாப் மோஷன் படம், 70 வினாடி. கொழும்புக் காலிமுகத்திடலில் இறால் வடை விற்கும் ஒரு ஐயா, அவருடைய தள்ளுவண்டி, வடையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஒரு காகம். அலுமினியக் கம்பி வாங்கப் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் புறக்கோட்டைக்குப் போய், பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதைத் தவிர, பொம்மையும் செட்டும் சிக்கலில்லாமல் முடிந்தன.

கேமரா இரவல் வாங்கத்தான் மூன்று நாள் அலைந்தேன். இரவல் கேட்கும் கடிதத்தில் எங்கள் சேருடைய கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. "சீல் இல்லையே தங்கச்சி, நாளைக்கு வாங்கோ" என்றார் கேமரா கொடுக்கும் அலுவலர். மறுநாள் முத்திரையோடு போனால், அடையாள அட்டைப் பிரதி வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கேமரா கைக்கு வந்தது. திங்கள் காலை 9 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை திரைச்சீலையை மூடி, இரண்டு மேசை விளக்கு வைத்து, ஆறு மணித்தியாலத்தில் 216 படம் எடுத்தேன். வினாடிக்கு 12 படம் என்ற கணக்கில் 18 வினாடி. ஓட்டிப் பார்த்தால், காற்றில் வைத்த குத்துவிளக்கு மாதிரி வெளிச்சம் துடிக்கிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் தீர்மானிக்கும் ஐஎஸ்ஓ, ஷட்டர், வைட் பேலன்ஸ் எல்லாவற்றையும் கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில்தான் வைத்திருந்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்பத் துடிக்கும் என்பதால் ஷட்டரை 1/50 வினாடியில் வைக்கவும் மறக்கவில்லை. பிழை எங்கே என்று புரியாமல் அழுகையே வந்துவிட்டது.

எங்களுக்கு முன் படித்த அக்கா ஒருவர்தான் போனில் சொன்னார்: "லென்ஸுக்குள்ளே இதழ் மாதிரித் தகடுகள் இருக்கல்லோ, ஒவ்வொரு கிளிக்குக்கும் அது மூடித் திறக்கும். ஒருமுறை மூடின அளவுக்கு மற்றமுறை மூடாது." தனிப் படத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. வரிசையாக ஓடும்போது கண்ணைக் குத்தும். அந்தத் தகடுகளின் நடுத் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிட்டால் தகடு அசையாது. ஆனால் ஐயாவின் மூக்கு தெளிவாக இருக்க, வண்டி மங்கிப்போகும். அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. வேண்டிய அப்பர்ச்சரை வைத்து, தகடுகளை அந்த அளவுக்கு மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அமுக்கியபடியே லென்ஸை இம்மியளவு திருப்பினால் மின் தொடர்பு அறுந்து, தகடு அங்கேயே நின்றுவிடும். லென்ஸ் முழுதாகப் பூட்டாமல் நிற்பதால் கழன்று விழலாம். கட்டாயம் டேப் ஒட்டுங்கள். அப்பர்ச்சரைக் கையாலேயே திருப்பி வைக்கும் பழைய மேனுவல் லென்ஸ் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை.

அன்றிரவே முதலிலிருந்து தொடங்கினேன். என் வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சமும் செட்டில் தெறித்தது. கறுப்புச் சட்டை போட்டு, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே இடத்தில் போய் நின்றேன். ஃபேன் போட்டால் காகத்தைக் கட்டிய நூல் ஆடும், போடாவிட்டால் பிளாஸ்டிசீன் இளகும். ஐயாவின் கை வடையை எட்டுமுன் தொய்ந்து விழும். இரண்டு சோடிக் கைகள் செய்து, ஒன்றைப் பிரிட்ஜில் வைத்து மாற்றி மாற்றிப் பூட்டினேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். ரயில் போனால் மேசை அதிரும். ட்ரைபாட் காலடியில் அரிசிப் பைகளை அடுக்கினேன், சரி. அப்படியும் ஒவ்வொரு ரயிலுக்குப் பிறகும் முந்தைய படத்தைத் திரையில் மங்கலாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தே அடுத்ததை எடுத்தேன். கடைசி ரயில் போன பிறகுதான் வேலை ஓடியது. 840ஆவது படம் எடுக்கும்போது திங்கள் விடியற்காலை மூன்று மணி.

ஒன்பது மணிக்கு அதே அலுவலரிடம் கேமராவை நீட்டினேன். டேப் பசை ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸைத் தடவிப் பார்த்தார். பிறகு என்ன எடுத்தேன் என்று கேட்டார். கேமராத் திரையிலேயே சக்கரத்தை வேகமாகச் சுழற்றிக் காட்டினேன். காகம் வடையோடு பறந்தது.

"இன்னொருக்காச் சுத்துங்கோ, பாப்பம்" என்றார்.