ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

என் மகனுக்கு வயிற்றுவலி தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

அப்போது அவன் நான்காம் வகுப்பு. நாங்கள் மதுரையில், வில்லாபுரம் பக்கம். காலையில் யூனிஃபார்ம் போட்டு, இட்லியில் பாதியைத் தின்று, ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடிக்கும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். சில நாள் வாந்தியும் வரும். ஆட்டோ போய்விட்டால் பத்து மணிக்கெல்லாம் தெளிந்து எழுந்து தோசை கேட்பான். அந்தத் தோசையைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் ‘நடிக்கிறான்’ என்று முடிவுகட்டினார். அத்தை கண்ணேறு என்றார்; உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். குடல் ஏறியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, எண்ணெய் தடவி வழித்துவிடுகிற ஒரு பாட்டியிடமும் கூட்டிப்போனோம். நானும்தான் போனேன், மறைப்பதற்கில்லை.

குழந்தை டாக்டர் முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார். அப்புறம் யூரின், மோஷன் டெஸ்ட், வயிற்று ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் தடவை போனபோது பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்விகள் கேட்டார். ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்புகிறதா? எடை குறைந்ததா? காய்ச்சல் உண்டா? மலத்தில் ரத்தம்? இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்றார். எதுவும் இல்லை. “லீவு நாள்ல வலிக்குதாம்மா?” என்றார். பெற்றவள் நான், எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மூன்று வாரம் எழுதச் சொன்னார். பழைய டைரி ஒன்றில் எழுதினேன். வெள்ளி சாயங்காலமும் சனியும் காலி. ஞாயிறு இருட்டினால் ஒரு வரி. செவ்வாய், வியாழன் காலைகளில் வாந்தி. அந்த இரண்டு நாளும் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாள்.

டைரியைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று இரண்டாம் தடவை சொல்லவைத்தேன். “வலி நிஜம். பயம் வந்தா வயித்தக் கலக்குதுன்னு நாமளே சொல்றோம்ல, அதான் இது. மூளை பயந்தா குடல் முறுக்கும்.” வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பிள்ளை அதைத் தன் உடம்பால் சொன்னபோது புரியவில்லை.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னதும் அத்தை அழுதுவிட்டார். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பதே ஒரு வசவு. 1794-இல் தொடங்கி இத்தனை தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த ஒரு ஆஸ்பத்திரியைச் சினிமாவில் சிரிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கும் பயம்தான். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் 14416-க்குப் போன் போட்டேன். 2022 அக்டோபரில் வந்த, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். எடுத்த பெண், பையன் சாவைப் பற்றி ஏதாவது பேசினானா, யாராவது தப்பாகத் தொட்டதுண்டா என்றெல்லாம் கேட்டபோது கை நடுங்கியது. எல்லாரிடமும் கேட்பதுதான் என்றும், கூட்டிப்போவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஓ.பி. சீட்டு போட்டு, காத்திருந்து, மதியம் நெருங்கும்போது உள்ளே போனோம். உளவியலாளர் முதலில் எங்கள் மூவரிடமும் பேசினார். பிறகு எங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். முக்கால் மணி நேரம். திரும்பக் கூப்பிட்டபோது மேஜையில் அவன் வரைந்த படம் கிடந்தது. ஒரு பெரிய கதவு, அதன் ஓரத்தில் குச்சியாக ஒரு ஆள். வாய்ப்பாட்டில் தப்பு விட்டால் அந்த பீரியட் முடியும்வரை வகுப்பு வாசலில் நிற்க வேண்டுமாம். வராந்தாவில் போகிற மற்ற வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போவார்களாம். அவன் எத்தனை நாள் நின்றான் என்று இன்றுவரை எனக்குச் சரியான கணக்கு இல்லை.

படத்துக்குக் கீழே சில எண்கள். எதெதற்கு எவ்வளவு பயம் என்று பத்துக்கு அவனே மார்க் போட்டிருந்தான். வாய்ப்பாடு: ஒன்பது. தெரு நாய்: நாலு. அப்பா கத்துறது: ஏழு.

என் வீட்டுக்காரர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார், ஒன்றும் பேசவில்லை. தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாய்ப்பாடு கேட்டுக் கத்தியது அவர்தான். ‘இன்னிக்கு என்ன நடந்துச்சு, ஏன் சொல்ல மாட்டேங்குற’ என்று தினமும் குடைந்தது நான். உளவியலாளர் என்னிடம், “ஏன்னு கேட்டா பிள்ளைக்கு போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்மா. பட்டாணி உரிக்கிறப்ப, துணி மடிக்கிறப்ப பக்கத்துல உக்காத்திக்கங்க. நீங்க கேக்காம இருந்தாலே அவன் பேசுவான்” என்றார். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

பள்ளிக்கூடம் போனதுதான் பெரிய பாடு. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17: உடலளவில் தண்டிக்கவும் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது. இதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் புகார் சொல்லிவிடலாம் என்று இவர் குதித்தார். பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும், முதலில் பேசிப் பாருங்கள் என்று உளவியலாளர் சொல்லியிருந்ததால் பொறுத்தோம். தலைமையாசிரியை, “எங்க ஸ்கூல்ல அடிக்கிறதே இல்லையே” என்றார். அவர் அறைச் சுவரில், பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற ‘மாணவர் மனசு’ பெட்டி மாட்டியிருந்தது, ஒன்பது வயதுக் கை எட்டாத உயரத்தில். டீச்சரும், “நான் தொடக்கூட இல்லீங்க, நிக்கத்தானே சொன்னேன்” என்று கண் கலங்கினார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று போன எனக்கு அங்கே கோபம் வரவில்லை. நானும் முட்டி போட்டு, ஸ்கேலில் அடி வாங்கிப் படித்தவள்தான். நின்றதையெல்லாம் தண்டனையென்றே நினைத்ததில்லை.

அந்த டீச்சரோடு சேர்ந்துதான் ஏற்பாடு செய்தோம். வாய்ப்பாட்டை மேஜையருகே வந்து அவரிடம் மட்டும் சொன்னால் போதும். காலையில் பெல் அடிக்கும் முன்பே வந்து, ஆபீஸிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து வருவது அவன் வேலை. வயிறு வலித்தால் ரப்பரை டெஸ்க் மூலையில் வைப்பான். தண்ணீர் குடித்து ஐந்து நிமிடத்தில் திரும்ப வருவான். வீட்டுக்குப் போன் கிடையாது. முதல் வாரம் இன்டர்வல் வரை, அடுத்த வாரம் மதியச் சாப்பாடு வரை, அப்புறம் முழுநாள். மற்றப் பிள்ளைகள் வாசலில் நிற்பது மட்டும் நிற்கவில்லை. அதற்கு இரண்டாம் தடவை போய், கைப்பையிலிருந்த தாளை எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டு விதிகள் இதைவிடக் கஷ்டம். பள்ளிக்குப் போகாத நாளில் டிவி, செல்போன் இரண்டும் கிடையாது; வீடு சலிக்க வேண்டும் என்றார் உளவியலாளர். அத்தை கொல்லைப்புறத்தில் வைத்துத் தன் போனைக் கொடுத்துவிடுவார். நான்கு நாள் கழித்துத்தான் பிடித்தேன். ராத்திரி வாய்ப்பாட்டுக்குத் தடை, பதிலுக்குக் கேரம் போர்டு. முதல் வாரம் இவர் கேரத்திலும் கத்தினார். மூச்சுப் பயிற்சியை ‘சூடு ரசத்த ஊதுற மாதிரி’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை மட்டும் அவன் உடனே பிடித்துக்கொண்டான்.

மூன்று வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஆறு வாரம் ஆனது. அரையாண்டுத் தேர்வு எழுதினான். பொங்கல் லீவு முடிந்த முதல் நாள் மறுபடி வாந்தி, சட்டை மாற்றி நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் இன்டர்வல் வரை என்று விட்டேன். அன்றைக்குக் கூட்டிவந்திருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும் என்று உளவியலாளர் பிறகு சொன்னார். கேட்டில் நின்றபோது அது எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே வேலைக்குப் போனேன்.

இப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான். வலி போய்விட்டதா என்றால், தேர்வு சமயத்தில் வரும். ‘எத்தனை?’ என்று கேட்பேன், ‘அஞ்சு’ என்பான், ஆட்டோ ஏறிவிடுவான். போன மாதம் துணி மடிக்கும்போது, வாசலில் அவனோடு நின்ற இன்னொரு பையன் பெயரைச் சொன்னான். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டானாம்.

ஜூனில் ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளி. புது வகுப்பாசிரியருக்குக் கொடுக்க அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ரப்பர் அடையாளம் இருக்கிறது, எல்லார் முன்னாலும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம் என்பதும் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போனதை எழுத வேண்டாம், பெயர் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் இவர். எழுதினால்தான் அவர்கள் தேவைப்படும்போது நம்மிடம் கேட்பார்கள் என்பது என் கட்சி. அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.