ரெண்டு பக்கத்துக் கதையிலயும் நான் ஓரத்துல

கனடாவுக்குக் கிளம்பும்போது 23 கிலோ பெட்டி ரெண்டுதான் கணக்கு, ஸ்வெட்டர், பாத்திரம், சர்டிஃபிகேட் ஃபைல் எல்லாம் உள்ள போனப்புறம் புத்தகத்துக்கு என்ன இடம் இருக்கப் போகுது, அதனால அலமாரியை அப்படியே விட்டுட்டு மின்புத்தகம் படிக்கற பழைய ஈ-ரீடர் ஒண்ண மட்டும் கைப்பையில போட்டுக்கிட்டேன். டொரன்டோ வந்த முதல் வருஷம் முழுக்க எனக்குப் பெரிய துணை அதுதான். படிச்ச படிப்புக்கு வேலை தேடிக்கிட்டே வேர்ஹவுஸ் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டிருந்த நேரம், படிக்கறதுக்குன்னு கிடைச்சது பஸ்ல போற நேரம் மட்டும்தான்.

குளிர்ல ஈ-ரீடர் எப்படி நடந்துக்கும்னு இங்க வந்துதான் பாத்தேன். அந்த ஸ்கிரீனுக்குள்ள ஒரு திரவத்துல கறுப்பு வெள்ளைத் துகளா மிதக்குது, பக்கம் மாத்தும்போது அதுங்க மேலயும் கீழயும் நகரணும், அந்த ஒரு நொடிக்குத்தான் கரண்ட் வேணும்ங்கறதால சார்ஜ் வாரக்கணக்கா நிக்குது. ஆனா மைனஸ் 15ல பஸ் ஸ்டாப்ல நின்னீங்கன்னா துகள் நகர்றதே மந்தமாயிடும், போன பக்கத்து எழுத்து புதுப் பக்கத்துக்குப் பின்னால லேசா தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், கிளவுஸ் போட்ட விரலுக்கு டச்சும் கேக்காது. கோட்டுக்கு உள்பாக்கெட்ல வச்சு எடுத்துட்டுப் போங்க, பக்கம் திருப்ப பட்டன் இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, புதுசா வர்றவங்க கேட்டா நான் முதல்ல சொல்றது இதுதான்.

தமிழ் எழுத்து இன்னொரு பாடு. கம்ப்யூட்டர்ல எழுத்துகளைச் சேமிக்கற பொது முறையான யூனிகோட்ல "கெ"ன்னு எழுதினா உள்ள ககரம் முதல்லயும் கொம்பு அதுக்கு அப்புறமும்தான் இருக்கும், கொம்பைத் தூக்கி இடது பக்கம் வைக்கறது சாஃப்ட்வேரோட வேலை. என் பழைய ரீடர் அதைச் செய்யாது, கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒரு பக்கம்னு நாலு வரிக்கு மேல படிக்கவே முடியாது. இங்க வந்து கோபோன்னு ஒரு ஈ-ரீடர் வாங்கி, யூஎஸ்பில மாட்டி, ஃபாண்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை உள்ள வச்சேன், முதல் பக்கம் ஒழுங்கா வந்தப்போ வந்த நிம்மதி இருக்கே, அதைச் சொல்ல முடியாது. கோபோ 2009ல டொரன்டோலயே ஆரம்பிச்ச கம்பெனி, லைப்ரரி கார்டு நம்பர் போட்டா கருவியிலயே லைப்ரரி மின்புத்தகத்தை இரவல் எடுக்கலாம், அமேசானோட கிண்டில்ல அந்த வசதி அமெரிக்காவுக்கு மட்டும்தான்.

லைப்ரரியைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் தகும். டொரன்டோ பப்ளிக் லைப்ரரிக்கு ஊர் முழுக்க 100 கிளை, கார்டு இலவசம், எந்தக் கிளையில இருக்கற புத்தகத்தையும் நம்ம கிளைக்கு வரவழைச்சுக்கலாம், 2022லேருந்து லேட்டானா ஃபைனும் கிடையாது. வந்த புதுசுல இங்கிலீஷ் நாவலாத்தான் அள்ளிட்டு வந்தேன், நம்ம மாதிரி குடியேறினவங்களைப் பத்தின கதையா தேடித் தேடி. நிறைய நல்லா எழுதியிருக்காங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா போகப்போக ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுது. நான் எடுத்ததுல பெரும்பாலானதுல கதை சொல்றது இங்க பொறந்து வளந்த பிள்ளை, வந்து இறங்கின தலைமுறை அந்தப் பிள்ளையோட அப்பா அம்மாவா மட்டும்தான் வருது. அவங்க கண்டிப்பா இருப்பாங்க, இங்கிலீஷ் தடுமாறும், எப்பவும் வேலையில இருப்பாங்க, திடீர்னு ஒரு அத்தியாயத்துல அழுவாங்க. மனசுக்குள்ள என்ன ஓடிச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. விமானத்துல இறங்கறது ஒரு பக்கம், அடுத்த பக்கத்துல சொந்த வீடு, கார், ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க. நடுவுல இருக்கற வருஷங்களைக் காணோம், நான் வாழ்ந்துக்கிட்டிருக்கறதே அந்த நடு வருஷங்களைத்தான்.

சரின்னு தமிழ்நாட்டு நாவல்கள் பக்கம் வந்தா அங்கயும் இதே கதிதான், வெளிநாடு போனவன் ஒரு ஃபோன் கால், ஒரு பணம் அனுப்பற ஆள், இல்லன்னா லீவுக்கு வந்து சொத்துப் பிரச்சனை பேசிட்டுப் போறவன். ரெண்டு பக்கத்துலயும் என்னை மாதிரி ஆள் ஓரமா நிக்கறார், கதை வேற யாரோடதோ.

இது மாறினது டொரன்டோவோட ஸ்கார்பரோ பகுதியில இருக்கற லைப்ரரி கிளை ஒண்ணுல தமிழ் அலமாரி முன்னால நின்னப்போதான். அங்க ஈழத்து எழுத்தாளர்கள் புலம்பெயர்ந்த நாடுகள்லேருந்து எழுதின சிறுகதைத் தொகுப்புகள் நிறைய இருந்துச்சு, ஊர்ல இருந்த வரைக்கும் எனக்கு அதிகம் கைக்கு வராத புத்தகங்க. இலங்கையில 1983 கலவரத்துக்கு அப்புறம் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவங்க, போய்ச் சேந்த கையோட எழுத ஆரம்பிச்சிருக்காங்க, வசதி வர்ற வரைக்கும் காத்திருக்கவே இல்ல. அதனால அந்தக் கதைகள்ல நடு வருஷம் அப்படியே இருக்கு. ராத்திரி ரெஸ்டாரன்ட்ல கோப்பை கழுவறவங்க, ஒரே ரூம்ல ஷிஃப்ட் போட்டுத் தூங்கறவங்க, தபால்ல வர்ற கடிதத்தைப் பிரிக்கப் பயப்படறவங்க, ஊருக்கு ஃபோன் பண்ணா வேலையைப் பத்திப் பேச்சே எடுக்காம குளிரைப் பத்தி மட்டும் பேசறவங்க. அந்தக் கடைசி விஷயத்தைப் படிச்சுட்டு புத்தகத்தை மூடி வச்சுட்டேன், நானும் எங்கம்மாகிட்ட அதையேதான் பேசிட்டிருந்தேன், இன்னிக்கு எத்தனை டிகிரி, எவ்வளவு பனின்னு.

அவங்க வந்த வழியும் நான் வந்த வழியும் ஒண்ணுன்னு சொல்லவே மாட்டேன். போரைத் தாண்டி, திரும்பிப் போக ஊர் இருக்குமான்னு தெரியாம வந்தவங்க அவங்க, நான் பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற அனுமதி, அந்த ஸ்டாம்ப்போட டிக்கெட் எடுத்து வந்தவ. அந்த வித்தியாசம் பெரிசு, அதை மறந்துட்டுப் படிக்கக் கூடாது. ஆனா என் நாளைக் கவனிச்சு எழுதின ஆளுங்க அவங்கதான், நம்மளப் பத்தின கதைன்னு தோணறதுக்கு ஊரும் சாதியும் பேரும் ஒத்துப்போகணும்னு இல்ல, எந்தக் கஷ்டம் எழுதற அளவுக்கு முக்கியம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்கணும், எனக்கு அவ்வளவு போதும்.

அலமாரியில இருந்ததை முடிச்சப்புறம் "நூலகம்"ங்கற இணையதளத்துக்குப் போனேன், 2005லேருந்து ஈழத்துத் தமிழ்ப் புத்தகம், இதழ், பத்திரிகையெல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டு வச்சிருக்காங்க. ஸ்கேன் பிடிஎஃப்ல எழுத்தைப் பெரிசு பண்ணா வரி உடைஞ்சு கீழ வராது, மொத்தப் படமும் நகரும், ஆறு இஞ்ச் திரையில அது பெரிய அவஸ்தை. ஓரத்து வெள்ளையை வெட்டிட்டு கருவியைப் படுக்கை வாட்டத்துல பிடிச்சா பாதிப் பக்கம் அகலமா வரும், அப்படித்தான் படிக்கறேன்.

டொரன்டோ லைப்ரரியில புத்தகம் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க ஆன்லைன்ல ஒரு ஃபாரம் இருக்கு, நான் தேடியும் கிடைக்காத ரெண்டு தொகுப்பு பேரை அதுல எழுதிப் போட்டேன். ஒண்ணு வாங்கிட்டாங்க, போன வாரம் எனக்குன்னு எடுத்து வைக்கச் சொல்லி ஹோல்டு போடப் போனா எனக்கு முன்னாடியே வரிசையில ஆளுங்க இருக்காங்க.