சாம்பல் அந்துகளும் எட்டாவது தகடும்

யூபித்தீசியா பக்கம் போகாதே என்று அந்துப்பூச்சிகளோடு பழகியவர்கள் சொல்வார்கள். உலகம் முழுக்க 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பேரினம் அது. பெரும்பாலானவை சின்னதாக, சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். இறக்கையில் இருக்கிற அலைக்கோடுகளும் சில நாள் பறந்து செதில் உதிர்ந்ததும் மங்கிவிடும். ஆனால் விளக்குத் திரையில் வந்து உட்காருபவற்றில் இவைதான் பெட்டியில் பெயரில்லாமல் சேர்ந்துகொண்டே போயின. இனத்தைப் பிரித்துக் காட்டும் பிறப்புறுப்புகள் வயிற்று நுனிக்குள்தான் இருக்கின்றன. சரி, வயிற்றைத் திறந்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

ஆண்களில் தொடங்கினேன். காய்ந்த பூச்சியின் வயிற்றைக் கீழிருந்து ஃபோர்செப்ஸால் மெல்ல மேலே தள்ளினால் முறிந்து வந்துவிடும். அதற்கு முன்பே ஊசியிலும் குப்பியிலும் ஒரே எண்ணை எழுதிவிடுவேன். எண் மாறிப்போனால் அந்த மாதிரி எதற்கும் உதவாது. வயிறு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுக்க ஊறும். சூடாக்கினால் சீக்கிரம் முடியும், ஆனால் மெல்லிய சவ்வுகள் கெட்டுப்போகலாம் என்பதால் எனக்கு இரவு ஊறலே பிடித்திருக்கிறது. காலையில் சதையும் கொழுப்பும் கரைந்து கைட்டின் என்ற கெட்டிப் பொருளாலான வெளிக்கூடு மட்டும் மிஞ்சும். அதைத் தண்ணீரில் போட்டு மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளிவிட வேண்டும். நேரமெல்லாம் போவது இந்த இடத்தில்தான். செதில்கள் கலங்கலாகக் கிளம்பி, கடைசியில் கண்ணாடிபோல ஒரு குழாய் தெரியும்.

மற்ற பல குடும்பங்களில் இந்த வயிற்றுத் தோலை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. யூபித்தீசியாவில் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஆணின் எட்டாவது வயிற்றுக் கண்டத்தின் அடித்தகடு கெட்டியாகி, நுனியில் பெரும்பாலும் கவைபோலப் பிளந்திருக்கும். என் பெட்டியில் ஒரே வரிசையில் குத்தி வைத்திருந்தவை இந்தத் தகட்டில் இரண்டாகப் பிரிந்தன. ஒரு கூட்டத்தில் பிளவு ஆழம், இரண்டு முனைகளும் நேராக நீள்கின்றன. இன்னொன்றில் பிளவு அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது, முனைகள் குட்டை. ஈடியாகஸை, அதாவது ஆணின் புணர்ச்சிக் குழாயை, உருவி எடுத்து உள்ளே இருக்கும் கார்னூட்டி என்ற முட்களைப் பார்த்தேன். அதிலும் அதே பிரிவுதான்: முதல் கூட்டத்தில் நீண்ட முள் ஒன்று, இரண்டாவதில் குட்டை முட்களின் கொத்து. ஒன்றையொன்று சாராத இரண்டு உறுப்புகள் ஒரே கோட்டில் பிரிகின்றன என்றால் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

வால்வாக்களை, அதாவது புணர்ச்சியின்போது ஆண் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு மடல்களை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. மூடுகண்ணாடி அழுத்துகிற அழுத்தத்திலேயே அவற்றின் வடிவம் மாறித் தெரியும். அதனால் முதலில் கிளிசராலில், அழுத்தாமல், எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் வைத்துப் படம் எடுக்கிறேன். அப்புறம்தான் எத்தனாலில் நீரகற்றி, யூபாரல் என்ற பிசினில் ஸ்லைடாக நிரந்தரமாகப் பதிக்கிறேன்.

முதல் கூட்டம் ஏற்கெனவே வரைந்து வெளியான ஒரு இனத்தோடு அச்சாகப் பொருந்திவிட்டது. இரண்டாவதற்கு இதுவரை ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் ‘புது இனம்’ என்று சொல்ல இது போதாது. மெசபாமியா என்ற இன்னொரு அந்துப் பேரினத்தின் கதையை நினைத்துக்கொள்கிறேன். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட செகாலிஸ் என்ற இனத்தோடு உருவத்தில் ஒத்த இன்னொரு இனம் கலந்தே கிடந்தது. பிறப்புறுப்பை வைத்து அதைப் பிரித்து 1983-இல் செகாலெல்லா என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், எஸ்பர் 1788-இலேயே அதற்கு டிடைமா என்று பெயர் வைத்திருந்தார்! பழைய பெயரே இன்று செல்லும். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதற்கு யாரும் முன்பே பெயர் வைக்கவில்லை என்று காட்டுவது அதைவிடப் பெரிய வேலை. பழைய விவரணைகளில் இறக்கை நிறம் தவிர வேறெதுவும் இருக்காது. ஆகவே வகை மாதிரியின், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் குறித்து வைத்த பூச்சியின், ஸ்லைடு படத்தையே அருங்காட்சியகங்களிடம் கேட்க வேண்டும். அந்த வகை மாதிரி பெண்ணாக இருந்துவிட்டால் என் ஆண்களை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது?

அதனால் இப்போது பெண்களிடம் வந்திருக்கிறேன். இது வேறு வகைப் பொறுமை. ஆணின் விந்தை வாங்கி வைக்கும் புணர்ச்சிப்பை ஈரமான பிளாஸ்டிக் தாள்போல ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழியும். குளோரசால் பிளாக் சாயம் ஏறினால்தான் விளிம்பே தெரியும். பையின் உட்சுவரில் முட்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். அதிலும் இரண்டு மாதிரி தெரிகிறது. ஆனால் எந்தப் பெண் எந்த ஆணுக்கு உரியது என்பதை ஸ்லைடு சொல்லாது. டிஎன்ஏ பார்க்கலாம், அல்லது ஒரே தாயின் முட்டைகளை வளர்த்து வரும் ஆண்களைத் திறந்து பார்க்கலாம்.

விளக்குக்கு வந்த ஒரு பெண் குப்பியிலேயே முட்டையிட்டிருக்கிறது. யூபித்தீசியா புழுக்களில் பல, குறிப்பிட்ட செடிகளின் பூவையும் விதையையும் மட்டுமே தின்பவை. (ஹவாயில் சில, ஈயையே பிடித்துத் தின்னும், அந்த ஜாதி இல்லை என்று நம்புகிறேன்.) எந்தப் பூ என்று தெரியாததால், கிடைக்கிற பூவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பறித்துத் தயாராக வைத்திருக்கிறேன்.