ஸ்கோர் புத்தகத்தில் தொடங்கிய கிரிக்கெட்: ஒரு தணிக்கைக்காரியின் நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தொலைக்காட்சியை அளவோடு பார்க்கலாம், ஆனால் குனிந்து எழுதக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இங்கிலாந்தில் இந்திய அணி ஆடும் ஐந்து டெஸ்ட்களுக்கும் அவர் எழுதிவரும் ஸ்கோர் புத்தகம் என் கைக்கு வந்திருக்கிறது. மும்பை மாட்டுங்காவில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் கிரிக்கெட்டை நான் திரும்பிப் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் இதைக் கற்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மாமா வேலை பார்த்த காலத்தில் தம் அலுவலக அணிக்கு ஸ்கோரர். அலுவலகங்களுக்கு இடையிலான டைம்ஸ் ஷீல்டு போட்டிகள் பம்பாயில் பெரிய விஷயமாக இருந்த காலம் அது. கவாஸ்கரே நிர்லான் நிறுவனத்துக்காக ஆடியவர்தான் என்று மாமா சொல்லும்போது, அவருக்கும் அதில் ஏதோ பங்கு இருந்ததைப் போன்ற பெருமை குரலில் தெரிகிறது.

இன்று பர்மிங்காமில் சுப்மன் கில் 161 ரன்கள் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் 269 எடுத்தவரும் அவரே. நான் கவனித்தது அவரை அல்ல, பேரேட்டை. ஒவ்வொரு பந்தும் அங்கே குறைந்தது மூன்று இடங்களில் பதிவாகிறது: அடித்தவரின் வரிசையில், வீசியவரின் கட்டத்தில், ஒன்று இரண்டு என்று வரிசையாக அச்சிட்டிருக்கும் மொத்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் பட்டியலில். "மூணும் ஒத்துப்போகலைன்னா எங்கேயோ தப்பு நடந்திருக்கும்மா" என்றார் மாமா. காலமெல்லாம் நான் செய்துவரும் வேலையே இதுதான் என்பதால் எனக்கு உற்சாகமாகிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

உதிரி ஓட்டங்கள் என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் ஒரே சொல்லில் போட்டுவிடுகின்றன. புத்தகத்தில் அவை ஒரே கணக்கில் சேர்வதில்லை. வைடும் (எட்டாமல் விலகிப் போகும் பந்து) நோ பாலும் (விதி மீறி வீசிய பந்து) பந்துவீச்சாளரின் பற்றில் எழுதப்படுகின்றன. பையும் (மட்டையிலும் உடம்பிலும் படாத பந்தில் ஓடி எடுப்பது) லெக் பையும் (உடம்பில் பட்ட பந்தில் எடுப்பது) எவர் பெயரிலும் எழுதப்படாமல் அணியின் மொத்தத்தில் மட்டும் சேர்கின்றன. அதனால் ஓர் ஓவரில் நான்கு பைகள் போயிருந்தாலும், வேறு ரன் எதுவும் இல்லையென்றால் அது மெய்டன் ஓவர்தான், அதாவது வீசியவர் ரன் கொடுக்காத ஓவர். பந்து கீப்பரைத் தாண்டிப் போனதற்கு வீசியவர் எப்படிப் பொறுப்பாவார் என்பதே அதன் தர்க்கம். 1980களுக்கு முன் வைடையும் நோ பாலையும்கூடப் பந்துவீச்சாளர் கணக்கில் சேர்க்கவில்லை என்று மாமா சொன்னார். பழைய பந்துவீச்சாளர்களின் சராசரிகளை இனி நான் அந்தச் சலுகையைக் கழித்துத்தான் பார்ப்பேன்.

குறியீடுகளும் அழகானவை. வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம், பைக்கு முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். ஆறு பந்தும் ரன் இல்லாத வெறும் புள்ளிகளாக அமைந்தால் அவற்றைக் கோட்டால் இணைத்து எம் என்ற எழுத்தாக்க வேண்டும். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்தால் அதே புள்ளிகள் டபிள்யூ ஆகின்றன.

எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்து அவுட் ஆவது, மட்டும் பிடிபடாமல் இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு மாமா மூன்று எவர்சில்வர் டம்ளர்களை ஸ்டம்புகளாகக் கூடத்துச் சுவரோரம் நெருக்கி வைத்து, எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டினார். வலக்கை ஆட்டக்காரருக்கு அவர் முதுகு இருக்கும் பக்கம் லெக், மட்டை நீளும் பக்கம் ஆஃப். பந்து லெக் பக்க டம்ளருக்கு வெளியே குத்தினால் அத்துடன் கதை முடிந்தது, அவுட் இல்லை. காலில் பட்ட இடம் டம்ளர்களின் நேர்கோட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஃப் பக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே பட்டால், அடிக்க முயலாமல் நின்றவர் மட்டுமே அவுட் ஆகலாம். இவ்வளவுக்கும் பிறகு, கால் குறுக்கே இல்லாவிட்டால் பந்து டம்ளரில் பட்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். முதலில் மட்டையில் பட்டிருந்தால் இந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. வீசும் அணி முறையீடு செய்யாவிட்டால் நடுவர் தாமாகக் கையைத் தூக்கவும் முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் இவ்வளவையும் வரிசையாக யோசிக்கும் மனிதரைப் பார்த்துத்தான் அரங்கமே கூச்சல் போடுகிறது.

ஜூலை 14, திங்கள்

லார்ட்ஸில் முதல் இன்னிங்ஸில் இரண்டு அணிகளும் சரியாக 387 எடுத்தன. நேற்று இங்கிலாந்து 192க்குச் சுருண்டபோது நம் சென்னைப் பிள்ளை வாஷிங்டன் சுந்தர் 22 ரன்கள் கொடுத்து நான்கு பேரை வீழ்த்தினார். நால்வரும் போல்டு, அதாவது பந்து ஸ்டம்பில் பட்டு அவுட். கேட்ச் பிடித்தவர் பெயர் எழுதும் இடத்தில் நான்கு முறையும் கோடு இழுத்தேன்.

இன்று 193 தேவைப்பட்ட இடத்தில் 170உடன் முடிந்தது. தோல்வி 22 ரன்களில். அலுவலகத்திலிருந்து ஓடி வந்தபோது கடைசி ஜோடி நின்றுகொண்டிருந்தது. ஜடேஜாவின் வரிசையில் புள்ளிகளும் ஒன்றுகளும் மாறி மாறி வந்தன. ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்திருந்தால், ஏன் இவர் அடிக்காமல் நிற்கிறார் என்று நானும் எரிச்சல்பட்டிருப்பேன். எந்தப் பந்தில் ஒற்றை ரன் எடுத்தால் அடுத்த ஓவரையும் தாமே எதிர்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போடுவது புத்தகத்தில் கண்கூடாகத் தெரிந்தது. முனையை மாற்றும் ரன் எது, மாற்றாத ரன் எது என்று ஒவ்வொரு பந்துக்கும் எழுத வேண்டியவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. கடைசியில் சிராஜ் நன்றாகத் தடுத்த பந்து தரையில் சுழன்று பின்னால் உருண்டு ஸ்டம்பில் பட்டது. அதுவும் வெறும் போல்டுதான். புத்தகத்தில் அதற்குத் தனிக் குறி இல்லை.

வருணனையாளர்கள் இந்த நேரத்தில் வீரம், நெஞ்சுரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதே மேல் என்பது மாமாவின் நெடுநாள் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

ஜூலை 27, ஞாயிறு

மான்செஸ்டர் டிரா. நம் இரண்டாம் இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே ஜெய்ஸ்வாலும் சாய் சுதர்சனும் அடுத்தடுத்த பந்துகளில் போய், ரன் எடுக்கும் முன்பே இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. அங்கிருந்து 143 ஓவர்கள் தாக்குப்பிடித்து நான்கு விக்கெட்டுக்கு 425. ஐந்து நாள் ஆடி எவரும் வெல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றி என் அலுவலகத் தோழிகளுக்கு விளக்க முயன்று கைவிட்டேன். கடைசி நேரத்தில் இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கைகுலுக்கி முடித்துக்கொள்ளலாம் என்றபோது ஜடேஜாவும் சுந்தரும் சதத்தை நெருங்கியிருந்தார்கள். மறுத்துவிட்டு இருவருமே சதம் அடித்தார்கள். அதைக் குறை சொன்னவர்கள் மேல் மாமாவுக்கு வந்த கோபத்தில் பாதி எனக்கும் வந்தது. பகலெல்லாம் உழைத்துச் சம்பாதித்ததை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போ என்றால் யார் போவார்கள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஓவலில் இங்கிலாந்தின் ஹாரி புரூக் 19இல் இருந்தபோது தூக்கி அடித்த பந்தை எல்லையருகே சிராஜ் பிடித்தார். பிடித்துவிட்டுப் பின்னுக்குச் சென்ற கால் எல்லைக் கோட்டில் பட்டுவிட்டது. புத்தகத்தில் புரூக்கின் வரிசையில் ஆறு, வீசிய பிரசித் கிருஷ்ணாவின் கட்டத்தில் ஆறு. சிராஜின் பெயர் எங்குமே இல்லை. அதன் பிறகு புரூக் 111 வரை போனார். தவறவிட்ட கேட்சுகளுக்கு ஒரு பத்தி வேண்டும், இல்லையென்றால் பந்துவீச்சாளருக்கு அநியாயம் என்று நான் வாதாடினேன். மாமா அசையவில்லை. பிடித்திருக்கக்கூடிய பந்து எது, பிடிக்கவே முடியாத பந்து எது என்று தீர்ப்புச் சொல்ல ஸ்கோரர் யார் என்று கேட்டார். தணிக்கையில் அபிப்பிராயத்துக்குத் தனிப் பக்கம் உண்டு, கணக்கில் அதற்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று இங்கிலாந்துக்கு வேண்டியது 35, கையிருப்பு நான்கு விக்கெட். பிற்பகல் மூன்றரைக்கு ஆட்டம் தொடங்குகிறது என்பதற்காக அரைநாள் விடுப்பு எடுத்தேன் (காரணம் "குடும்ப வேலை"; அது பொய்யும் அல்ல). ஆட்டத்தின் முதல் நாளில் தோள்பட்டையில் அடிபட்ட வோக்ஸ் ஒரு கையைத் தூளியில் கட்டி ஸ்வெட்டருக்குள் மறைத்தபடி கடைசி ஆளாக இறங்கினார். ஓடும்போது அவர் முகம் வலியில் கோணியது. ஒரு பந்தைக்கூட அவர் எதிர்கொள்ளும் நிலை வரவில்லை. சிராஜின் பந்தில் அட்கின்சன் போல்டு ஆனதும் 367இல் எல்லாம் முடிந்தது. தொடர் 2-2. வோக்ஸின் வரிசையில் ஆட்டமிழக்காமல் பூஜ்யம் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மாமா கூட்டிப் பார்க்கச் சொன்னார். நம் பக்கம் 224உம் 396உம் சேர்ந்து 620. எதிர்ப்பக்கம் 247உம் 367உம் சேர்ந்து 614. இருபத்தைந்து நாள் தொடரின் முடிவு அந்த ஆறு ரன்களில் நின்றது. நேற்று சிராஜின் காலடியில் போனதும் ஆறு ரன்தான். இன்று தம் ஐந்தாவது விக்கெட்டை எடுத்து ஆட்டத்தை முடித்தவரும் அவரே என்பதால் நான் அதை மாமாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை விட்டிருந்ததால் மாமாவை அழைத்துக்கொண்டு ஆசாத் மைதானம் போனேன். சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். இருபத்திரண்டு பிட்ச்கள் உள்ள மைதானம் என்று படித்திருந்தும், ஓர் ஆட்டத்தின் தேர்ட் மேன் ஃபீல்டர் இன்னோர் ஆட்டத்தின் மிட் ஆஃப் ஃபீல்டருக்குப் பின்னால் நிற்பதை நேரில் பார்த்தபோது தலை சுற்றியது. 1988இல் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிகள் போட்டியில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் பிரியாமல் 664 சேர்த்தது இங்கேதான். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை எழுதிய கையை நினைத்துப் பார்த்தேன்.

கிளப் ஆட்டம் ஒன்றின் கூடாரத்தில் இரண்டு அணிகளின் ஸ்கோரர்களும் ஒரே மேசையில் அருகருகே அமர்ந்திருந்தார்கள். தூறல் படாமல் புத்தகத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, எழுதும் கட்டத்தை மட்டும் விலக்கி எழுதினார்கள். நடுவர் கையை அசைத்துச் சைகை காட்டினால், இவர்கள் கையைத் தூக்கிக் காட்டும் வரை அவர் அடுத்த பந்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒருவர் மொத்தத்தைச் சொல்ல மற்றவர் தலையசைக்கிறார். தொலைக்காட்சியில் பெயர் தானாக வருகிறது. இங்கே கேட்ச் பிடித்த பையன் யாரென்று தெரியாமல் "கேட்ச் கோணி கேத்லா?" என்று மைதானத்தைப் பார்த்து மராத்தியில் கத்த வேண்டியிருக்கிறது.

பிட்ச் ஈரத்தில் பந்து ஒரு முறை முழங்காலுக்குக் கீழே சறுக்கியது, அடுத்த முறை மார்புக்கு எகிறியது. மழைக்காலத்தில் ஆடுவதற்கென்றே 1948இல் தொடங்கிய காங்கா லீக்கைப் பற்றி மாமா வழியெல்லாம் பேசினார். மூடாத ஈரப் பிட்ச், கணுக்கால் உயரப் புல், தரையோடு அடித்தால் பந்து பாதியில் நின்றுவிடும். அங்கே முப்பது எடுத்தவனை வேறு இடத்தில் சதம் அடித்தவனுக்குச் சமமாக மதிப்பார்களாம். ஆனால் அதைப் புத்தகம் சொல்லாது என்று நான் குறுக்கிட்டபோது, "அதுக்குத்தான் மேலே வானிலைன்னு ஒரு வரி இருக்கு, நீ அதை நிரப்பறதே இல்லை" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்திய டெஸ்ட் மட்டையாளர் புஜாரா ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். 103 டெஸ்ட்கள், 7195 ரன்கள். நான் ஆட்டம் பார்க்கத் தொடங்கும் முன்பே அணியிலிருந்து போய்விட்டவர். மாமாவின் 2021 புத்தகத்தை எடுத்து ஆஸ்திரேலியாவில் ஆடிய பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாளைத் தேடினேன். புஜாராவின் வரிசையில் ஒன்றுகளும் நான்குகளுமாகச் சில எண்கள், கடைசியில் 56. அவ்வளவுதான். 211 பந்துகள் நின்றார், உடம்பெல்லாம் அடி வாங்கினார் என்பதை நான் இணையத்தில் படித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. பழைய முறையில் மட்டையாளர் வரிசையில் ரன் எடுத்த பந்துகளை மட்டுமே எழுதுவார்கள். புள்ளிகள் பந்துவீச்சாளர் பக்கத்தில் மட்டும் விழும். 2017இல் ராஞ்சியில் அவர் 202 எடுக்க 525 பந்துகள் ஆடியதும் இந்த முறைப்படி எழுதினால் வெறும் 202தான்.

இன்று மாமாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்: இனி மட்டையாளர் வரிசையிலும் புள்ளி வைப்பேன். இடம் போதாது, கட்டம் குழம்பும் என்று மறுத்தார். 1975 உலகக் கோப்பையில் கவாஸ்கர் 174 பந்துகளில் 36 எடுத்ததைத்தான் உலகம் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது, புள்ளிகளை எண்ணினால் வம்புதான் வளரும் என்றார். அதற்கு நான் கணக்கைக் காட்டினேன். எல்லா மட்டையாளர்களும் ஆடிய பந்துகளைக் கூட்டினால், முறையாக வீசப்பட்ட பந்துகளும் நோ பால்களும் சேர்ந்த எண்ணிக்கை வர வேண்டும், வைடு சேராது. அப்படியானால் ரன் கணக்கைத் தவிர, இதுவரை அவர் புத்தகத்தில் இல்லாத இன்னொரு சரிபார்ப்பும் கிடைக்கிறது. மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஓவல் கடைசி இன்னிங்ஸை அப்படிக் கூட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பந்துவீச்சாளர் கட்டங்களிலிருந்து எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பிரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒன்று போய்விடும் என்றேன். மட்ட அளவுகோலைத் தேடி எடுத்து வந்து, புதுப் பக்கத்தில் எனக்கான பத்திக்கு அவரே கோடு போட்டார்.