ஜான் ஓ குரோட்ஸில் ஏழு சோழி

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ குரோட்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைக் காட்டி 'லேண்ட்ஸ் எண்ட் 874 மைல்' என்று எழுதிய கைகாட்டிக் கம்பத்தின் முன்னால் போட்டோ, அப்புறம் ஒரு காபி, அப்புறம் கிளம்பிவிடுவது. நாங்களும் அப்படித்தான் கிளம்பியிருப்போம். முந்தின இரவு தங்கிய வீட்டின் ஜன்னலோரம் இருந்த ஜாம் பாட்டில்தான் திட்டத்தைக் கெடுத்தது.

பாட்டில் நிறையக் குட்டிச் சோழிகள். கொத்தமல்லி விதையைக் கொண்டைக்கடலை அளவுக்கு ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. முதுகில் வரி வரியாகக் கோடு. வெளிர் ரோஸ் நிறம். திருப்பினால் நம்மூர்ச் சோழி போலவே பல் வைத்த நீள வாய். "குரோட்டி பக்கி" என்றார் வீட்டுக்காரப் பாட்டி. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து அடக்கமுடியாமல் சிரித்துவிட்டோம். பக்கி என்றால் அவர்கள் பேச்சில் நத்தை ஓடு. குரோட்டி, ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அந்த ஊர்ப்பெயரோ 1490களில் இங்கிருந்து ஆர்க்னி தீவுகளுக்குப் படகு விட்ட யான் டி குரோட் என்ற டச்சுக்காரருடையது. பர்சில் ஒரு பக்கி இருந்தால் அதிர்ஷ்டமாம்.

சரி, தேடிவிடுவோம் என்று டன்கன்ஸ்பி முனைப் பக்கம் சானிக் கரைக்கு இறங்கினோம். அட்லாண்டிக்கும் வடகடலும் இடித்துக்கொள்ளும் இடம். ஜூன் மாதத்திலும் காற்று காதைப் பிய்க்கிறது. காலடியில் பாதிக்குப் பாதி நொறுங்கிய சிப்பி. ஒரு மணிநேரம் நடந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மஞ்சள் நத்தை ஓடுகளைக் கண்டு நாலைந்து முறை ஏமாந்ததுதான் மிச்சம்.

"நடந்து தேடினால் கிடைக்காது, ஒரே இடத்தில் உட்காருங்கள்" என்று பாட்டி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலை கொண்டுவந்து சேர்த்த சிப்பிக் குவியல் ஒன்றின் பக்கத்தில் மண்டிபோட்டேன். பேன்ட் நனைந்தது. கண் பழக ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் விரல்நுனிக்கு அருகிலேயே ஒன்று, குப்புறக் கிடந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே இருந்ததோ.

கரையில் கிடைப்பதெல்லாம் காலி ஓடு. உயிரோடு இருப்பவை கீழே பாறைகளில் வாழ்கின்றன. பாறைமேல் பசைப் படலம் போலக் கூட்டமாக ஒட்டி வளரும் மெத்தென்ற கடலுயிர் ஒன்று உண்டு. அதைத்தான் இந்தச் சோழி தின்னும், அதையே கடித்துக் குழி பறித்து, முட்டைப் பையையும் அதற்குள் செருகிவைக்கும். சாப்பாட்டுக் கடையும் பிரசவ ஆஸ்பத்திரியும் ஒன்றே. நகரும்போது தன் சதையையே போர்வை போல ஓட்டின்மேல் இழுத்து மூடிக்கொள்ளும். அதனால்தான் ஓட்டுக்கு இந்தப் பளபளப்பு. நிஜச் சோழிக் குடும்பத்தில் இதைச் சேர்ப்பதில்லை, தனிக் குடும்பம். ஆனால் தோற்றத்தைப் பார்த்தால் எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ரோஸ். மற்றதன் முதுகில் மூன்று கரும்புள்ளிகள். எனக்குக் கிடைத்த ஆறும் வெறும் ரோஸ்தான். கடைசியில், கிளம்பலாம் என்று எழுந்த மனைவியின் காலடியில் புள்ளி வைத்தது கிடைத்தது. அதற்குப் பிறகு கார் வரைக்கும் அவள் பேச்சு நிற்கவில்லை.

வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினோம். "இத்துனூண்டா? ஏழு இருக்கில்ல, தாயம் ஆடலாமே" என்றார். வாடகைக் காரின் டேஷ்போர்டில் உருட்டிப் பார்த்தேன். மூன்று மல்லாந்தன, மூன்று கவிழ்ந்தன. ஏழாவது கண்ணாடியோரம் காற்று வரும் இடுக்கில் விழுந்துவிட்டது. மூன்று புள்ளி வைத்தது அதுதான்.